தார் ரோடு வரை கொண்டுவிட்டவளுக்கு

இன்று காலை சைக்கிள் கடைக்காரர் என் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பின் மட்கார்டுக்குள் திருப்புளியை விட்டு நெம்பினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கரிய கட்டி விழுந்தது. "எந்த ஊரு மண்ணுக்கா இது? சிமெண்டு மாதிரில்ல பிடிச்சிருக்கு" என்றபடி மிச்சத்தின் மேல் தண்ணீரை ஊற்றினார். உங்கள் கரிசல் காட்டு வாசம் குப்பென்று வந்துவிட்டது. மதுரையில், பஸ் போகிற ரோட்டோரத்தில் நின்று அழுதேன். பாவம், சைக்கிளுக்காக அழுகிறேன் என்று நினைத்து, "சரி பண்ணிரலாம்க்கா" என்று அவர் சமாதானம் சொன்னார்.

நீ போய் எட்டு மாதமாகிறது. அன்றிலிருந்து இன்றுதான் அந்த சைக்கிளைத் தொடுகிறேன்.

கன்னியாகுமரி வரை சைக்கிளில் போகப்போகிறேன் என்றதும் எங்கள் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். ஐம்பதை நெருங்குகிற இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க்குக்கு வந்த கிறுக்கு என்றான் என் தம்பி. நீ சிரிக்கவில்லை. "நாலுவழிச் சாலையில போனேன்னா இனி என் மூஞ்சில முழிக்காத. எங்க ஊரு வழியாத்தான் போகணும்" என்று போனில் மிரட்டினாய். அருப்புக்கோட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு நாகலாபுரம் வந்தேன். ஊருக்கு வெளியே, காட்டுக்கு நடுவே இருக்கிற உன் வீட்டை நான் அடைந்தபோது ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தாய். "ஏட்டி, வந்துட்டியா!" என்று ஓடிவந்தவள் பாதியில் நின்று இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாய். என்னை வேடிக்கை பார்க்கத்தான் நிற்கிறாய் என்று நினைத்தேன்.

ராத்திரி முழுக்கப் பெய்த மழை மறுநாள் விடியும்போது விட்டிருந்தது. ஆனால் வீட்டிலிருந்து தார் ரோடு வரை மூன்று கிலோமீட்டர் மண்பாதை களியாகிக் கிடந்தது. உன் வீட்டுக்காரர் வானத்தையும் என் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தங்கச்சி, கரிசல்ல மழை பேஞ்சா மாடே நடக்காது. பக்கத்து வீட்டு டிராக்டர் சும்மாத்தான் நிக்கி. சைக்கிளைத் தூக்கிப் போட்டு தார் ரோட்டுல விட்டுருதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன்.

எங்களைப் போல நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கிளம்பிய இடத்திலிருந்து சேருமிடம் வரை ஒரு அடிகூட வேறு வண்டியில் ஏற்றக் கூடாது. ஏற்றிவிட்டால் மிதித்ததெல்லாம் வீண். அதை அவரிடம் விளக்க எனக்கு வெட்கமாக இருந்தது. நீதான் முந்திக்கொண்டாய். "அவ இஷ்டத்துக்கு விடுங்க. நான் கொண்டுவிடுதேன்" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாய்.

நூறு அடி தாண்டவில்லை. மண் டயரில் சுற்றி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் நின்றுவிட்டது. குச்சியால் சுரண்டினோம். பத்தடியில் மறுபடி நின்றது. கடைசியில் முன்பக்கத்தை நானும், பைகள் தொங்கிய பின்பக்கத்தை நீயுமாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். "சைக்கிள்ல நீ போறியா, உம்மேல சைக்கிள் போகுதா?" என்று கேட்டாய். சிரித்த சிரிப்பில் இருவரும் சகதியில் விழப்பார்த்தோம். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. அது இல்லாதிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருக்கும்.

மூன்றாவது தடவை இறக்கி வைத்தபோது நீ வரப்பில் உட்கார்ந்துவிட்டாய். குளிர்காற்றில் உன் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. இடது தோளைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தாய். "என்னட்டி செய்யுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. வெறும் வயித்துல காப்பி குடிச்சேன்ல, அதான்."

"அண்ணாச்சிக்குப் போன் போடுதேன். டிராக்டர் வரட்டும்."

"சும்மா கெட. அவிய பயந்துருவாவ. வீட்ல சொல்லிராத. சத்தியம் பண்ணு." என் கையைப் பிடித்து உன் தலையில் வைத்துக்கொண்டாய்.

இது உனக்குப் புதிதல்ல. கோவில்பட்டியில் நாம் ஒரே ஹாஸ்டலில் இருந்து படித்தபோது, கொதிக்கிற காய்ச்சலோடு பரீட்சைக்குக் கிளம்பிய அன்றும் வார்டனிடம் சொல்லக் கூடாதென்று இதே சத்தியத்தை வாங்கினாய். அன்று பரீட்சை எழுதித் தேறியும் விட்டாய். அந்தத் தைரியத்தில் இந்த முறையும் தலையசைத்தேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீ திட்டினாலும் சரி. டிராக்டர் வேண்டாம் என்று நீ சொன்னதும் எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. என் பயணம் முழுசாக மிஞ்சியது.

தார் ரோட்டில் ஏறியதும் உன் முந்தானையாலேயே என் ஹேண்டில்பாரைத் துடைத்துவிட்டாய். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். நீ மைல் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாய், கையை ஆட்டினாய். நான் மணியாச்சி பக்கமாக மிதித்துப் போய்விட்டேன். கன்னியாகுமரியில் எடுத்த படத்தை அனுப்பியபோது, "சாதிச்சுட்டியேட்டி!" என்று ஆடு கத்துகிற சத்தத்துக்கு நடுவே பேசி அனுப்பினாய்.

என்னைக் கொண்டுவிட்ட பத்தொன்பதாம் நாள், ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்த இடத்திலேயே நீ விழுந்துவிட்டதாகப் போன் வந்தது.

உன்னைக் கிடத்தியிருந்த துட்டி வீட்டில் அத்தனை கூட்டத்திலும் உன் வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்து கேட்டார்: "தங்கச்சி, அன்னைக்கு சகதியில வந்தப்ப அவளுக்கு ஏதும் முடியாம இருந்துச்சா?" நான், "இல்லண்ணாச்சி, சிரிச்சிக்கிட்டுத்தான் வந்தா" என்றேன். நீ செத்துக் கிடக்கிறாய், உன் தலையில் வைத்த சத்தியத்தை மீறினால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமென்று அப்போதும் பயந்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் உண்டா?

ஆறு மாதம் அந்தப் பதிலோடு இருந்து பார்த்தேன். ராத்திரி தூக்கமும் இல்லை, பகலில் நிதானமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி உன் வீட்டுக்குப் போனேன். வரப்பு, வேர்வை, தோள், சத்தியம், டிராக்டரை நான் வேண்டாமென்றதற்கான காரணம், எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். என்னை வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய் ஆட்டுப்பட்டிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அதுக்கு ஒரு மாசம் முந்தி கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு படியில உக்காந்துட்டா" என்றார். "தோளு வலிக்குன்னா. கேஸ் டிரபிள்னு சோடா வாங்கிக் குடிச்சா. புள்ளைக்குப் பரீட்சை நேரம், யார்ட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு என் கையை எடுத்துத் தலையில வச்சுக்கிட்டா. ஒரு தடவைதானன்னு விட்டுட்டேன் தங்கச்சி. அன்னைக்கு நீங்க இல்லன்னு சொன்னதும், அந்த ஒண்ணோட போச்சுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

அவருக்கு ஒரு தடவை, எனக்கு ஒரு தடவை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவர்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டாய். உன் மகளிடம் எத்தனை தடவை மறைத்தாயோ, அவளிடம் கேட்கும் தைரியம் எங்கள் இருவருக்குமே இல்லை. உன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. எல்லாரையும் காப்பாற்றுவதாக நினைத்து எங்களைக் குற்றவாளிகளாக்கிவிட்டுப் போய்விட்டாய். அதே மூச்சில், அந்த மூன்று கிலோமீட்டரை நான் டிராக்டரில் கடந்திருக்கலாமே என்ற நினைப்பும் வருகிறது. எது நியாயமென்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் எங்கள் ஆபீஸ் மாடிப்படியில், என்னோடு வேலை பார்க்கிற ஒருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, எங்க வீட்டுக்கு மட்டும் தெரிய வேணாங்க்கா" என்று கெஞ்சினாள். நான் அவள் கண்ணெதிரிலேயே அவள் புருஷனுக்குப் போன் போட்டேன். ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறாராம். இனி வேலைக்கே போக வேண்டாமென்று வீட்டில் பெரிய சண்டையாம். நான் நம்பிக்கைத் துரோகி என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை.

என் எதிர் மேஜையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காலையில் அவள் வந்து நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் நான் என் வேலையைத் தொடங்குகிறேன். பேசாவிட்டால் என்ன, வந்திருக்கிறாள்.