பெயர் எழுதாத படங்கள்

பெப்ரவரி 12, வியாழன். ஓர்லிகோன், சுவிஸ்.

நான் வேலை செய்யும் அருங்காட்சியகத்துக்கு இலங்கையின் வாகரையிலிருந்து தமிழில் ஒரு கடிதம் வந்திருந்தது. வேடர் குலத்துப் பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார். தன் பூட்டனார் வேலன் என்பவரை அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் படம் பிடித்துக்கொண்டு போனார்களாம். அந்தப் படம் வேண்டுமாம்.

இரண்டு நாளாகப் பழைய பெட்டி முழுவதும் தேடினேன். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தலையின் அகலம், மூக்கின் நீளம், தோல் நிறத்துக்கு ஓர் இலக்கம், 'தூய வகை' அல்லது 'கலப்பு வகை' என்ற குறிப்பு. ஒன்றிலும் பெயர் இல்லை. ஆள் யாரென்று உறுதியாகாத படத்தை வெளியே கொடுக்க முடியாது என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டார்.

இன்று பெரியவருக்குத் தொலைபேசி எடுத்து, படங்களின் பின்னால் எழுதியிருந்ததைச் சொன்னேன்.

"மூக்க அளந்த ஆக்கள் பேரக் கேக்கல்லையா, மகள்?"

"கேக்கேல்லை, ஐயா."

"அப்ப எல்லாரையும் அனுப்புங்க. அதில ஒராள் அவராத்தான் இருப்பார்" என்றார்.

அதற்கும் வழியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாக்கிறன், ஐயா" என்றேன்.

தபால் வர எத்தனை நாளாகும் என்று கேட்டார்.

இரண்டு கிழமை என்று சொல்லிவிட்டேன்.