எண்ணெய் குடிக்கும் தலையணை

டுபாய்
14.02.1982

ஜெமீலின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறேன். கைகள்தான் என்னுடையவை போல் இல்லை, அவ்வளவு கறுப்பு. போன கிழமை துறைமுகத்துக்குள் ஒரு கப்பலின் எண்ணெய்த் தாங்கி உடைந்து ஒழுகிவிட்டது. நாங்கள் படகில் போய் எண்ணெய்க்கு மேல் வைக்கோல் எறிகிறோம். வயலே இல்லாத நாட்டுக்குக் கப்பலில் வைக்கோல் வருகிறது, பார். அது எண்ணெயைக் குடிக்கிறது. கூடவே தண்ணீரையும் குடித்துக் கனத்து, வாரி எடுப்பதற்குள் பாதி தாழ்ந்துபோகிறது. கரையில் நிற்கும் எஞ்சினியர்மார் தலையில் கை வைக்கிறார்கள்.

உன்னோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. சூறாவளியில் நம் இலவ மரம் விழுந்ததிலிருந்து பஞ்சில்லை என்று, பழைய யூரியா உரப் பையின் பிளாஸ்டிக் இழையைப் பிய்த்து எனக்குத் தலையணை அடைத்துத் தந்தாய். சரி. ஆனால் நான் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் முழுவதையும் அது குடித்துவிடுகிறது. காலையில் என் தலை காய்ந்த புல்லு. நேற்றுக் கழுவலாம் என்று வாளிக்குள் அமுக்கினேன். உறை நனைந்தது, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. அமுக்க அமுக்க மேலே வந்து என்னைப் பார்க்கிறது. கட்டித் தந்தவளின் பிடிவாதம் அதற்கும் வந்திருக்கிறது.

ஜெமீலைப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக அனுப்பு.

அபுல் ஹஸன்


மருதமுனை
09.03.1982

மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் எல்லோரும் சுகம். ஜெமீல் பள்ளிக்கூடம் போகிறான், அழுதுகொண்டுதான்.

உங்கள் கடிதத்தைத் திரும்பவும் எடுத்து வாசித்தேன். தாளின் மேல் பாதியில், வைக்கோல் தண்ணீர் குடித்துத் தாழ்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கீழ்ப் பாதியில், என் தலையணை எண்ணெயை மட்டும் குடித்துவிட்டுத் தண்ணீரில் மிதக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் எழுதிய கை ஒன்றுதானே? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்களே மச்சான்!

அன்றைக்கே தம்பி ஜவுபரிடம் அவனுடைய தோணி எஞ்சினின் கழிவு எண்ணெயைக் கேட்டு வாங்கினேன். பெரிய தாச்சியில் தண்ணீர் நிரப்பி மேலே அதை ஊற்றினேன். அவசரத்தில் பை இழையை அப்படியே போட்டுப் பார்த்தேன். சும்மா மிதந்தது, குடிக்கவில்லை. பிறகுதான் தலையணைக்குச் செய்த மாதிரி ஆணிப் பலகையில் இழுத்து இழுத்துப் பஞ்சாகக் கிழித்துப் போட்டேன். கொஞ்ச நேரம்தான். ஜவுபர் குனிந்து பார்த்துவிட்டு, "ராத்தா, தண்ணி மட்டும்தான்கா கிடக்கு!" என்று கத்தினான். அயல் வீட்டுக்காரர் பயந்துபோய் ஓடி வந்தார்கள்.

துணி உறை வேண்டாம், அது தண்ணீர் குடிக்கிறது. பெரியநீலாவணை அன்னப்பிள்ளை அக்கா பிய்ந்த நைலோன் வலை தந்தா. "மீன் பிடிச்சு அலுத்துப் போச்சு, இனி எண்ணெயப் பிடிக்கட்டும்" என்று அவவே அதை உறையாக முடிந்தும் தந்தா. லீவு முடிந்து உங்கள் துறைமுகத்துக்கே திரும்புகிற காலிதீனிடம் சில தலையணைகள் கொடுத்து விட்டிருக்கிறேன். அவற்றில் படுக்க வேண்டாம். கடலில் எறியுங்கள்.

ஜெமீலின் உம்மா


டுபாய்
02.05.1982

ஜெமீலின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கை பரபரக்கிறது.

நான் தலையணையோடு படகில் ஏறியதைக் கண்ட எஞ்சினியர், கடலில் தூங்கப் போகிறாயா என்று கேட்டுச் சிரித்தார். எறிந்தேன். எண்ணெய்க்கு மேலே கிடந்து கறுத்தது, கொழுத்தது, தாழவில்லை. எடுத்துக்கொண்டுபோய்ச் சலவைக்கூடத்தில் துணி பிழியும் உருளைக்குள் விட்டுப் பிழிந்தோம். எண்ணெய் வாளிக்குள் விழுந்தது. தலையணையை மறுபடியும் கடலில் எறிந்தோம், மறுபடியும் குடித்தது. எஞ்சினியர் சிரிப்பை விட்டுவிட்டுத் தானே படகில் இறங்கினார். வைக்கோலை நிறுத்தச் சொல்லிவிட்டார். உன்னால் முடிந்த அளவு செய்து அனுப்பு, நல்ல விலை தருகிறார்கள்.

யார் செய்தது என்று கேட்டார். உன் தம்பி ஜவுபர் என்று சொன்னேன். ஒவ்வொரு தலையணையிலும் அவன் பெயரை அச்சடித்து ஒட்டப் போகிறார்கள். இத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் வீட்டுப் பெண்ணின் பெயரை எப்படிச் சொல்வது? நீ விளங்கிக்கொள்வாய்.

அபுல் ஹஸன்


மருதமுனை
30.05.1982

மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். எங்கள் தெருவை இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. சம்மாந்துறையிலிருந்தும் சவளக்கடையிலிருந்தும் வெற்றுப் பைகள் மாட்டு வண்டியில் வருகின்றன. யூரியாவை வயலுக்குப் போட்டுவிட்டுப் பையை வாய்க்காலில் வீசிக்கொண்டிருந்தவர்கள்தான், இன்று கழுவி மடித்து அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வீடு ஆணிப் பலகை. அயல் வீட்டு ஸகியாவும் சுபைறாவும் யார் அதிகம் கிழிப்பது என்று போட்டி போடுகிறார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் நீங்கள் கடைசியில் எழுதியதை நான் விளங்கிக்கொள்ளவில்லை. ஜவுபரிடம் சொன்னேன். "மச்சானுக்கென்ன விசரா ராத்தா? எனக்கு ஊசில நூல் கோக்கவும் தெரியாதே" என்கிறான். அவனுக்கே வெட்கம்.

ஆம்பிளைகளுக்கு நடுவில் என் பெயர் சொல்லக் கூடாதா? நம் நிக்காஹ் அன்று பந்தல் நிறைய ஆம்பிளைகள் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் கேட்க லெப்பை என் பெயரைச் சொன்னார். நீங்களும் அதைக் கேட்டுத்தான் ஒப்புக்கொண்டீர்கள். பெண் எடுக்கும்போது கூசாத பெயர், அவள் கெட்டித்தனத்தைச் சொல்லும்போது மட்டும் ஏன் கூசுகிறது?

பொதி கட்டி வாசலில் இருக்கிறது. அது போனால் என் பெயரோடு போகும். இல்லாவிட்டால் மாரி வரட்டும், இங்கேயே மிதக்கட்டும்.

ஜெமீலின் உம்மா


டுபாய்
03.10.1982

றஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். "பெயர் மாற்றியாயிற்று, பொதியை அனுப்பு" என்று ஜூன் மாதமே தந்தி அடித்தேன், பொதியும் வந்து சேர்ந்தது. தந்தியில் அடங்காததை இப்போது எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது எஞ்சினியரிடம் போனேன். காலிதீன் இங்கிலீசில் எடுத்துச் சொன்னான்: இதைச் செய்தது என் மைத்துனன் இல்லை, என் மனைவி. பெயரை நானே சொன்னேன். காது சுட்டது. யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. எஞ்சினியர் பேனையை எடுத்து, எழுத்தைச் சொல்லு என்றார். அவ்வளவுதான்.

இப்போது ஒவ்வொரு தலையணையின் ஓரத்திலும் உன் பெயர் இருக்கிறது. அதனால் வந்த கூத்தைக் கேள். மலையாளி, பாகிஸ்தானி, பிலிப்பீன்காரன் எல்லோரும் அந்தச் சாமானுக்கே உன் பெயரை வைத்துவிட்டார்கள். எங்காவது எண்ணெய் ஒழுகினால் போதும், "றஹீமா! றஹீமா கொண்டா!" என்று துறைமுகமே கத்துகிறது. முதல் நாள் ஒருவனைத் தண்ணீருக்குள் தள்ளிவிடப் பார்த்தேன். பிறகு, தலையணைகள் குடித்து முடித்த இடத்தை அவன் காட்டினான். தண்ணீர் தெளிந்து, அடியில் மீன் குஞ்சுகள் ஓடுவது தெரிந்தது. நானும் கத்தினேன்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது நடுக்கடலில் நின்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது புள்ள. வெட்கம் கொஞ்சமும் இல்லை.

அபுல் ஹஸன்


மருதமுனை
28.10.1982

மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை ஜவுபரிடம் கொடுத்துப் பெண்களுக்கு நடுவில் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். நீங்கள் கத்திய இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஸகியா விரலில் ஊசியைக் குத்திக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. அடுப்படிக்குள் போய்ச் சந்தோசத்தில் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

சூறாவளிக்குப் பிறகு நட்ட இலவங்கன்று இந்த வருஷம்தான் முதல் காய் காய்த்தது. அந்தப் பஞ்சில் உங்களுக்கு ஒரு சின்னத் தலையணை அடைத்து இந்தப் பொதிக்குள் வைத்திருக்கிறேன். தலைக்கு எண்ணெய் வைத்துப் படுங்கள். அதுவும் குடிக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

இன்னொன்று. அன்னப்பிள்ளை அக்கா நேற்று வலை முடிந்துகொண்டே, "அப்ப எங்கட வலைக்குப் பேரில்லையா றஹீமா?" என்று கேட்டா. பகிடிக்குத்தான் கேட்டா. ஆனால் நியாயமான கேள்வி. ஆகவே இந்தப் பொதியில் பாதிக்கு அவவின் பெயரை அடிக்கச் சொல்லுங்கள். எண்ணெய் ஒழுகுகிற அவசரத்தில் "அன்னப்பிள்ளை" என்று வாயில் வராது என்று எஞ்சினியர் சொல்லுவார்.

பழகச் சொல்லுங்கள். நீங்கள் பழகவில்லையா?

அச்சிமுகம்மது றஹீமா