குழந்தைகள் அறையில் ஆறு கட்டில்கள்

மார்ச் 3, திங்கள்

இந்த ஆண்டில் மூன்றாவது ராஜினாமா. நாங்கள் கட்டட வரைபடம் போடும் நிறுவனம். அடுத்தவர் வீட்டுக்கு வாசல் எங்கே வைப்பது என்று சொல்லிப் பிழைக்கிறோம். எங்கள் ஆட்களோ எங்கள் வாசல் வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். பணியாளர் அதிகாரியான நான் அதைத் தடுக்க வேண்டுமாம். முதலாளி அன்பாகத்தான் சொன்னார்: "இன்னும் ஒருத்தர் போனா, நீங்களும் துணைக்குப் போயிடுங்க."

மார்ச் 5

ஆட்கள் ஏன் போகிறார்கள் என்று தலைமை வரைவாளரிடம் கேட்டேன். அலுவலகத்தில் அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். அளவில் அவ்வளவு கறார். நான்கு வயது மகனுக்கு அம்மா.

"அஞ்சரைக்கு வேலை முடியுது சார். ஆனா அஞ்சரைக்கு எந்திரிச்சா, ஏதோ திருடிட்டுப் போற மாதிரி பாக்குறாங்க. எனக்கு அஞ்சரைக்கு வீட்டுக்குப் போகணும். அவ்வளவுதான்."

மார்ச் 6

முதலாளியிடம் சொன்னேன். துள்ளி எழுந்தார். "வீட்டுக்குப் போகணும்னுதானே வேலையை விடறாங்க? வீட்டையே இங்க கொண்டாந்துடுவோம்!" கீழ்த்தளத்தில் குழந்தைகள் அறை. வரைபடம் மில்லிமீட்டரே போட வேண்டும்.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததைக் கேட்டிருக்கிறேன். குடை வாங்கித் தருவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

மார்ச் 11

பெயர்ப்பலகை மட்டும் தயார்: 'நாம் ஒரே குடும்பம்.'

மார்ச் 19

வரைபடம் வந்தது. தாழ்வான கைகழுவும் தொட்டி, கூர்முனை இல்லாத அலமாரி, தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். தாய் போட்ட வரைபடம். முதலாளி சிவப்புப் பேனாவால் ஆறு கட்டில்கள் சேர்த்தார். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மேசையும்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்? வீட்டுக் கடன் கட்டுகிறவனுக்கு வாய் சாப்பிட மட்டும்தானா?

மார்ச் 20

மில்லிமீட்டர் திருத்தத்தைப் பார்த்தார்.

"கட்டில் எதுக்கு சார்?"

"தூக்கம் வந்தா..."

"எத்தனை மணி வரைக்கும் எங்களை வெச்சுக்கப் போறீங்க?"

நான் வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"புள்ளைய இங்க கொண்டு வரணும்னு நான் கேக்கல சார். நான் அவன்கிட்ட போகணும்னு கேட்டேன்."

சாயங்காலம் ஆறு கட்டில்களையும் அளவு பிசகாமல் வரைந்து கொடுத்தார். கூடவே ராஜினாமாக் கடிதம்.

மார்ச் 21

மனைவியிடம் எல்லாம் சொன்னேன். "குடும்பத்துக்கு அவ்வளவு வசதியான இடமா? நானும் பாப்பாவும் அங்கயே குடிவந்துடறோம். உங்களைப் பாத்த மாதிரியும் இருக்கும்." சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

கடிதத்தை இன்னும் முதலாளியிடம் கொடுக்கவில்லை. "ஒரு நாள் பொறும்மா" என்று மில்லிமீட்டரிடம் சொன்னேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது.

ஐந்தரைக்கு எழுந்துபோய் வரைவுக்கூடத்தின் விளக்குகளை அணைத்தேன். எல்லாவற்றையும். பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம். முதலில் பையை மாட்டியது மில்லிமீட்டர்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "கரண்ட் போச்சா?"

"இல்ல சார். வேலை நேரம் முடிஞ்சிடுச்சு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குக் காலைல வந்து என்னைப் பாருங்க."

வெளியே வந்தால் வெயில். இந்தத் தெருவில் சாயங்கால வெயில் அடிக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

மகள் கதவைத் திறந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினாள்: "அம்மா! அப்பாவுக்கு உடம்பு சரியில்ல போல, வீட்டுக்கு வந்துட்டாரு!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"வேலை போயிடுச்சா?"

"இன்னும் இல்ல."