ஐஸ் வந்திட்டுதா?

பிள்ளையின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். எங்கள் மீனவர் சங்கத்துக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடைத்திருக்கிறது. கையிலுள்ள வசதிக்கு அதில் ஒரு வேலைக்குத்தான் ஏற்பாடு செய்யலாம். எதை முதலில் செய்வது என்று திட்டம் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சனம் எதை அதிகம் கேட்கிறது என்று கவனித்தேன். பெண்கள் எல்லோரும் சங்கத்து ஜன்னலடிக்கு வந்து, மீனுக்குப் போடுகிற ஐஸைத்தான் விசாரித்தார்கள்: "ஐஸ் வந்திட்டுதா, அக்கா?" "அப்ப ஐஸ் கணக்கை முதல்ல போடு பிள்ளை" என்றார் தலைவர் றேமன்ட் அண்ணன்.

ஆனால் கேட்டவர்களில் ஒருத்தியும் ஐஸ் வாங்கவில்லை. ஏன்? எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே போய், அவர்கள் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தேன். அங்கிருந்து கடல் முழுக்கத் தெரிகிறது.

கடலுக்குப் போனவர் எப்போது வருவார் என்று நம் ஊரில் வாய்விட்டுக் கேட்கமாட்டார்களே, அபசகுனமென்று! அதை எப்படி மறந்தேன்?

திட்டத்தை மாற்றினேன். இப்போது போட் கரைக்கு வந்ததும் வீட்டுக்காரியின் போனுக்குச் செய்தி போகிறது. ஐஸ் கேட்டு ஒருவரும் வருவதில்லை.

நீங்கள் போன் எடுப்பது குறைவு, அதனால்தான் எழுதுகிறேன். கட்டாரில் வெயில் கடுமையாமே.

அங்கே ஐஸ் வந்திட்டுதா?

உங்கள் மகளின் அம்மா