பானட் ஆறும்வரை

இன்று காலை ஒரு டாக்டரம்மா வந்து, நம் ஜீப்பின் பானட் மேல் உள்ளங்கையை வைத்தார். டயரை உதைக்கவில்லை, கதவைத் திறந்து மூடவில்லை, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்கவில்லை. ஸ்கூட்டியை நிறுத்தினார், நேராக வந்தார், கையை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வண்டி சூடா இருக்கே சார்?"

"இப்பதான் பாலுக்குப் போயிட்டு வந்தேன்மா."

பால் எங்கள் வீட்டு வாசலுக்கே வரும் என்பது உனக்குத் தெரியும். உண்மை என்னவென்றால், ஏழரை மணியிலிருந்து அரை மணி நேரம் வண்டியை ஓடவிட்டு வைத்திருந்தேன். இந்த மார்கழிக் குளிரில் அது முதல் செல்ஃபில் எடுப்பதில்லை. மூன்றாவது செல்ஃபுக்குத்தான் எடுக்கிறது, அதுவும் இருமிக்கொண்டு. வாங்க வருகிறவருக்கு அது தெரிய வேண்டாமே என்று நினைத்தேன். "ஒரு போன் பண்ணிட்டு வாங்கம்மா" என்று நேற்று நானே அவரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

அவர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் மாட்டு டாக்டர். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் வேண்டும், மலையில் மாடு படுத்துவிட்டது என்று ஆள் வந்தால் பாதை இல்லாத ஊருக்கு ஏறவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வண்டி தேடுகிறார். நாம் தேடிய அதே வண்டி. "பரவால்ல சார், ஆறட்டும். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அப்போதிலிருந்து வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். செல்வி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, கால்ல சக்கரமா?" என்று கேட்டுவிட்டாள். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளாமல் எழுந்துவிடுவேன். இன்று உட்கார்ந்தே தீர்வது என்று நோட்டைத் திறந்திருக்கிறேன்.

பொறுமை என்கிற பாகத்தை மட்டும் எனக்குப் பொருத்தாமலே அனுப்பிவிட்டார்கள் என்று நீ கம்பெனி லைனில் எல்லோரிடமும் சொல்வாய். நீ மெயின்டனன்ஸ், நான் குவாலிட்டி. நீ பாகலூர்க்காரன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். நான் "அங்கன, இங்கன" என்றால் உனக்கு நாள் முழுக்கச் சிரிப்பு. நானும் செல்வியும் ஸ்கூட்டரில் லாரிகளுக்கு நடுவே போய்வந்த காலம் அது. நான்கு வழிச்சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நான் சிப்காட்டுக்குள் நுழையும்போது, இரண்டு பேர் முகத்திலும் செம்மண் அப்பியிருக்கும். பழைய கார் ஒன்று பார்க்கலாம் என்றேன். நீ விடவில்லை. "வாங்கறதுதான் வாங்கற, ஜீப்பா வாங்குப்பா. ஆறு நாள் உனக்கு, ஞாயித்துக்கெழம எனக்கு. வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்." அஞ்செட்டி மலைக்கு அப்பால், ரோடு முடிகிற இடத்துக்கு அப்பால் போக வேண்டும் என்பது உன் ஆசை. எனக்கு அப்படி எந்த ஆசையும் இல்லை. சீக்கிரம் ஒரு வண்டி வந்தால் போதும்.

முதலில் ஜூஜுவாடியில் ஒரு வெள்ளை ஜீப். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. நாற்பத்திரண்டு கேள்விகள் எழுதிய தாளை நான் வெளியே எடுப்பதற்குள், நீ பானட்டில் கையை வைத்துவிட்டாய். "இப்பதான் டீசல் போட்டுட்டு வந்தேன்" என்றார் வீட்டுக்காரர். நீ சிரித்தபடி கன்னடத்தில் "நாளெ பர்தீவி" என்றாய். நாளைக்கு வருகிறோமாம். தெருமுனை வரை வந்ததும் உன்னிடம் சண்டைக்கு நின்றேன். "வண்டி நல்லாத்தான இருக்கு?"

"எழுப்பி, மூஞ்சி கழுவி, பவுடர் போட்டு உக்கார வெச்சிருக்கான்ப்பா. தூங்கற வண்டியத்தான் பாக்கணும்."

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போய் நின்றோம். மனிதர் லுங்கியோடு வந்து செல்ஃப் அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வண்டி எடுத்தபோது வந்த புகையில் அவர் வீட்டுச் சுற்றுச்சுவரே தெரியவில்லை. நீ புகையைக் கையால் விசிறிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதன்பின் அத்திப்பள்ளியில் ஒரு பச்சை ஜீப். யாரோ ஏற்கெனவே தூக்கி உயர்த்தி, பெரிய டயர் மாட்டி, நெற்றியில் நாலு விளக்கு வைத்திருந்தார்கள். உன் ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்றது என்று நானே சொன்னேன். நீ என் நாற்பத்திரண்டு கேள்வித் தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் முதுகை வைத்து அடியில் நுழைந்தாய். சாவியால் சேஸிஸில் புதுக் கறுப்புப் பெயின்டைச் சுரண்டினாய். துரு செதில் செதிலாகக் கொட்டியது. "கெடுக்கணும்னா நாமளே கெடுத்துக்கலாம்ப்பா, அடுத்தவன் கெடுத்தது நமக்கெதுக்கு?" என்றாய். அன்றைக்குத்தான் உன்னுடைய இன்னொரு சட்டமும் வந்தது. "போன் பண்ணிட்டு வாங்கன்னு சொல்றவன் வீட்டுக்குப் போன் பண்ணாம போவணும்."

ஒரு வருஷம் ஆனது. காவேரிப்பட்டணத்துப் பக்கம் ஒரு மாந்தோப்பில்தான் கிடைத்தது. மரத்தடியில் பனியில் நனைந்து நின்றது, பானட் முழுக்க மாவிலை. நீ இலையைத் தள்ளிவிட்டுக் கையை வைத்தாய். "ஜில்லுனு இருக்குப்பா" என்றாய், பரிசு விழுந்தவன் குரலில். தோப்புக்காரர், "நான் இன்னும் பல்லுகூட வெளக்கல" என்று முனகிக்கொண்டே சாவியைக் கொடுத்தார். முதல் செல்ஃபில் எடுத்தது. ஒரு மாதம் வண்டிக்குள் மாம்பழ வாசனை. கூடவே எறும்பும்.

பிறகு நீ அதைக் கெடுக்க ஆரம்பித்தாய். வண்டியைத் தாங்கும் கமான் பட்டைகளைக் கூட்டி உயர்த்தினாய், பெரிய டயர் போட்டாய். அறுபதைத் தொட்டால் ஸ்டியரிங் என் கையை உதறியது. செல்வியால் ஏறவே முடியவில்லை. மஞ்சள் பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை வண்டியிலேயே வைத்திருந்தாள். பள்ளிக்கூட வாசலில் முக்காலி போட்டு இறங்குகிற டீச்சரைப் பார்க்கப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். நான் கேன்டீனில் எல்லோர் எதிரிலும் உன்னிடம் கத்தினேன். "நான் இதுல தினமும் வேலைக்குப் போறேன், உனக்கு வெளையாட்டா?" நீ மூன்று ஞாயிறு தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையாகக் கழற்றி, இறக்கி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கழற்றினாய். "உன் ஆறு நாளும் ஓடணும், என் ஒரு நாளும் ஏறணும். அவ்ளோதான்" என்று சாவியை என் கையில் வைத்தாய். இடது கதவுக்குக் கீழே ஒரு இரும்புப் படி புதிதாக இருந்தது. செல்வியின் கால் உயரத்தை எப்போது அளந்தாய் என்று இன்றுவரை தெரியாது. இப்போதும் அவள் அதில்தான் கால் வைத்து ஏறுகிறாள்.

அஞ்செட்டி மலையில் அந்தப் பாறைப் பாதை நினைவிருக்கிறதா? நீ இறங்கி, பின்னோக்கி நடந்தபடியே இரண்டு கையாலும் எனக்கு வழி காட்டினாய். வலது, வலது, விடு, விடு. பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டாய். ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாய். என்ன என்று கேட்டேன். "உன் வண்டிப் புகைப்பா, நெஞ்ச அடைக்குது" என்றாய். நான் அதை நம்பினேன். அடுத்த வாரமே இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாஸிலைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். புகை குறைந்துவிட்டதா என்று உன்னிடமே கேட்டேன். குறைந்துவிட்டது என்றாய். வண்டியைத்தான் பார்த்தேனே தவிர, உன்னைப் பார்க்கவில்லை.

நீ லீவு போட ஆரம்பித்ததும் நான் வருகிறேன் என்றேன். "வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுட்டு வாப்பா" என்றாய். போன் போட்டுவிட்டுத்தான் வந்தேன், ஒவ்வொரு முறையும். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஷேவ் செய்து, பவுடர் போட்டு, இஸ்திரிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பாய். டயரைப் பற்றிப் பேசுவோம். "அடுத்த மாசம் ஏறிடலாம்" என்பாய். இருபது நிமிஷத்தில் நான் நிம்மதியாகக் கிளம்பிவிடுவேன். எல்லாம் முடிந்த பிறகுதான் உன் வீட்டுக்காரி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், சொன்னாள். என் போன் வந்ததும் நீ எழுந்து உட்காரவே அரை மணி ஆகுமாம். அவள்தான் ஷேவ் செய்துவிடுவாளாம். நான் தெரு திரும்பியதும் படுத்தால் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டாயாம்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. என்னிடமா மறைத்தாய்? நுரையீரல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன ஓடியா போயிருப்பேன்? அதைவிட என்மேல்தான் கோபம். உன் சட்டம் எனக்கு மனப்பாடம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், சொல்லாமல் உன் வீட்டுக்கு வரத் தோன்றவில்லையே.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வண்டியை எடுப்பதில்லை. வாசலில் நிற்கும். அதைப் பார்க்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. அதனால்தான் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு மத்தியானம் போய்ப் பானட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது. சாயங்காலம் அந்த டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "அம்மா, காலைல நான் பாலுக்குப் போகல. வண்டிய சூடு பண்ணி வெச்சேன். மூணாவது செல்ஃபுக்குத்தான் எடுக்கும். ஹீட்டர் பிளக் மாத்தணும். வேற எதுவும் மறைக்கல." அவர் சிரித்தார். "சந்தைல ரெண்டு வேள பால் கறக்காம நிறுத்தி, மடி பெரிசுன்னு காட்டுவாங்க சார். நான் தினமும் பாக்கறதுதான். ஆனா போன் பண்ணிச் சொன்னவர் நீங்கதான்."

மேலே எழுதியது சனிக்கிழமை. இது ஞாயிறு.

ஆறு மணிக்குச் சொன்னபடி வந்தார். பனி விலகவில்லை. பானட்டில் கை வைத்தார், தலையை ஆட்டினார், தானே ஏறி உட்கார்ந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. வெள்ளைப் புகை, இருமல், பிறகு சீராக ஓடத் தொடங்கியது. இறங்கி அடியில் குனிந்து பார்த்தவர், உன் இரும்புப் படியில் கையை ஓட்டினார். "இது யார் வெச்சது?" என்றார். என் நண்பன் என்றேன். "இத மட்டும் கழட்டிடாதீங்க சார், எனக்கும் வேணும்" என்றார். அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கொள்கிறார்.

அவர் போன பிறகு வண்டியை அணைக்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, உன் நாள். செல்வியிடம் சொல்லிவிட்டுப் பாகலூர் ரோட்டில் திருப்பினேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி தங்கச்சிக்குப் போன் செய்வேன். "நல்லாருக்கோம்ணா" என்பாள். நானும் சரிம்மா என்று வைத்துவிடுவேன். இரண்டு வருஷமாக அது ஒன்றுதான் எங்கள் பேச்சு. இன்று போனைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அவள் வாசலில் உட்கார்ந்து, விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ரோஜாத் தோட்டத்தில் விடியற்காலையில் பூ வெட்டப் போகிறாளாம், ஒரு வருஷமாக. விரலெல்லாம் முள் கிழித்த கோடு. ஜீப் சத்தம் கேட்டதும் நீதான் என்று ஒரு நிமிஷம் நினைத்தாளோ என்னவோ, சட்டென்று எழுந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் மறைத்தாள். அவசரத்தில் அவளுக்குத் தமிழ் வரவில்லை, தெலுங்கிலேயே வாங்க என்றாள். முகத்தைச் சரிசெய்துகொள்ள நேரமில்லாமல் அழுதுவிட்டாள். நான் உன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாமேண்ணா" என்றாள்.

"இல்லம்மா," என்றேன். "இனிமே போன் பண்ண மாட்டேன்."