குளியலறைச் சிவப்புக் கயிறு

சனிக்கிழமை இரவு. மாமல்லபுரம் ரிசார்ட்.

சாயங்காலம் குளித்துவிட்டுச் சக்கர நாற்காலிக்கு மாறும்போது வழுக்கி விழுந்தேன். எட்டும் தூரத்தில் சிவப்புக் கயிறு தொங்கியது. இழுத்தால் மணி அடித்து ஆள் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே பார்த்திருக்கிறேன். இழுத்துவிட்டேன்.

இழுத்ததுமே பயம் வந்துவிட்டது. நாளைக் காலை அகலச் சக்கரம் வைத்த நாற்காலியில் என்னைக் கடலுக்குள் கொண்டுபோவதாக இருக்கிறது. விழுந்தது தெரிந்தால் மகன் சேகர் வண்டியை நேராகச் செங்கல்பட்டு வீட்டுக்குத் திருப்பிவிடுவான். அப்புறம் குளிக்கக்கூடத் தனியாக விடமாட்டான். சுவர்க் கம்பியைப் பிடித்து எப்படியோ நாற்காலியில் ஏறினேன். ஈரப் புடவையைக் கயிற்றின் மேல் வீசினேன்.

சேகர் ஓடி வந்தான். பின்னாலேயே ரிசார்ட்டுப் பெண்கள் இரண்டு பேர்.

"வுழுந்துட்டியாம்மா?"

"நான் ஏன்டா வுழப்போறேன்? புடவ காயப்போட கயித்த இழுத்தேன்."

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அத்த, அது ஆபத்துக்கு இழுக்கறது!"

"ஆயா கொடி கட்டிக்கினு கீது!" என்று பேத்தி சிரித்தாள். அந்தப் பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பேங்க்கு, தாலுகா ஆபீஸ் எல்லாம் தனியாகப் போய் வந்தவள் நான். ஒன்றும் தெரியாதவள் மாதிரி கூடச் சேர்ந்து சிரித்தேன்.

இப்போது முழங்கால் வீங்கியிருக்கிறது. மடக்க முடியவில்லை. போர்வைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தூங்கிவிட்டாள் என்று நான் நினைத்த பேத்தி பக்கத்துக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"நெஜமா வுழலியா ஆயா?" என்கிறாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.