மேளம் வைத்து அனுப்பிய பிள்ளை

என் கண்ணே பிலோமினா,

உன் அக்கா உனக்கு எழுதும் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கிறாள் என்றால் நம்புவாயா? நம் வீட்டுப் பேச்சு படி தாண்டக் கூடாது என்று உன்னை அதட்டி வளர்த்தவள் நான். எழுதும்படி ஆகிவிட்டது.

உன் மகன் அருளப்பன் பள்ளிக்கூடத்து சீனியர் பரீட்சையில் தேறியதைப் பார்க்காமலே நீ கண்ணை மூடிவிட்டாய். செய்தி வந்ததும் உன் வீட்டுக்காரர் மாட்டுவண்டிகளையெல்லாம் சிராங்கூன் சாலைக் கொட்டகைக்குத் திருப்பி, வண்டிக்காரர்களுக்கு அன்று விடுமுறை விட்டார். மதராஸில் கல்லூரியில் இடமும் கிடைத்தது. "அக்கா, நீங்க கன்னியர் மடத்துல மதர்கிட்ட படிச்சவங்க. என்ன செலவாகும்னு இங்கிலீசுல போட்டிருக்கறதைப் பாத்துச் சொல்லுங்க" என்று என்னிடம் வந்தார்.

பார்த்துச் சொன்னேன். கப்பல் கட்டணம் வாசற்படி மட்டும்தான். கல்லூரிச் சம்பளம் ஒவ்வொரு வருஷமும் கட்ட வேண்டும், விடுதிச் சாப்பாட்டுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும். கோடை விடுமுறையில் விடுதியை மூடிவிடுவார்கள். மற்ற பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குப் போவார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளை எங்கே போவான்? அதற்கு வேறு இடம், வேறு செலவு. காய்ச்சல் வந்தால் வைத்தியர். கடைசி வருஷம் வரைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று இப்போதே தெரிந்திருக்க வேண்டும் என்றேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நீ அறியாதவளா?

பிறகு அவனை வழியனுப்ப நடந்தது ஒரு கல்யாணம் மாதிரிதான். பந்தல், மேளம், தெருவுக்கே விருந்து. அருளை மாலையோடு உட்காரவைத்துப் படம் பிடித்தார்கள். மதராஸ் வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு எதற்கு என்று தையற்காரரைக் கேட்டேன். "காலேஜுக்குப் போற பிள்ளை வெறும் சட்டையோடயா இறங்கறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பரிசாக வந்த குடைகளைக் கொண்டு அவன் ஒரு கடை வைத்திருக்கலாம். இரண்டாம் வருஷச் சம்பளத்துக்கு என்று ஒருவரும் ஒரு காசு கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஆனால் விருந்து போடுவது கௌரவம், கேட்பது கேவலம்.

பெண் பிறந்தால் தொட்டிலில் இருக்கும்போதே நகைக்குச் சேர்க்கத் தொடங்குகிறோம். பிள்ளையின் படிப்புக்கு மட்டும் ஏன் கப்பல் கிளம்பும் வாரத்தில் சேர்க்கிறோம், பிலோமினா?

முதல் வருஷம் எப்படியோ ஓடியது. அடுத்த வருஷம் மாடுகளுக்கு நோய் வந்தது. பாதிக்கு மேல் போய்விட்டன. மதராஸுக்குப் பணம் போகவில்லை. கல்லூரியில் சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அருளின் பெயரை எடுத்துவிட்டார்கள்.

என்னிடம் என்ன இருக்கிறது? என் வீட்டுக்காரர் விட்டுப்போன மாடி அறைகளின் வாடகை என் சாப்பாட்டுக்கே இழுபறி. அருளைத் திரும்பி வரச் சொல்லுங்கள், இங்கே ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சம்பாதிக்கட்டும், சேர்த்துக்கொண்டு மறுபடி போகட்டும் என்றேன். உன் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மேளம் வச்சு அனுப்பின பிள்ளையை எந்த முகத்தோட திரும்பக் கூப்பிடறது, அக்கா?"

ஆகவே உன் பிள்ளை படிக்கவும் இல்லை, வரவும் இல்லை. மதராஸில் யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அங்கேயே சாப்பிடுகிறான். இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்தால், பையன் எந்த வருஷம் என்று கேட்கிறார்கள். மூன்றாவது என்கிறார் உன் வீட்டுக்காரர். நான் பொய் சொல்வதில்லை. வேகமாக நடந்துவிடுகிறேன்.

போன வாரம் ஜாலான் புசார் தெருவிலிருந்து அன்னம்மாள் வந்தாள். மளிகைக் கடைக்காரர் மனைவி, உனக்குத் தெரிந்தவள்தான். அவள் மகனும் தேறிவிட்டான். கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"நம்ம அருளு மாதிரியே அனுப்பணும்மா. இதை வித்தா விருந்துக்கும் கப்பலுக்கும் சரியாப் போயிடும். அங்க போய்ச் சேந்துட்டா மத்தது தன்னால நடக்கும்ல?"

சம்பளம், சாப்பாடு, விடுமுறை எல்லாவற்றையும் அவளுக்கும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அதெல்லாம் அருளுக்கும் இருந்துச்சுல்ல? அவன் படிக்கலையா?" என்றாள்.

நான் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் உன் வீட்டு மானம் போகும். சொல்லாவிட்டால் அவளுடைய சங்கிலி போகும், பிள்ளையும் அங்கே போய்த் தெருவில் நிற்பான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். உன் அக்கா வாயில் அந்தச் சொல்லை நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா?

மறுநாள் கொட்டகைக்குப் போனேன். இதைப் பத்திரிகையில் எழுதப் போகிறேன், வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். உன் வீட்டுக்காரர் மிச்சமிருந்த மாடு ஒன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"என் வாயால வராது. நீங்க எழுதுங்க. பிலோமினாவுக்கு எழுதற மாதிரி எழுதுங்க. அவகிட்டயாவது சொல்லணும்."

அதனால்தான் இந்தக் கடிதம். அருளைக் கேட்டு எழுதலாமென்றால், கப்பல் தபால் போய்வருவதற்குள் அன்னம்மாள் சங்கிலியை விற்றுவிடுவாள். அவன் என்னை மன்னிப்பானா? ஊர் தெரிந்துகொண்ட பிறகாவது உன் வீட்டுக்காரர் அவனை வரச் சொல்வாரா? கல்லூரி மறுபடி அவனைச் சேர்த்துக்கொள்ளுமா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணே. எல்லாம் தெரிந்தவள் என்று என்னை எல்லாரும் நினைக்கிறார்கள்.

அன்னம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. இது அச்சாகி வந்ததும் நானே அவள் வீட்டுக்குப் போய், அவள் புருஷனையும் பிள்ளையையும் உட்காரவைத்து, முழுவதும் வாசித்துக் காட்டுவேன். அருளின் பெயர் வரும் இடங்களில் குரலைத் தாழ்த்த மாட்டேன். இது உனக்கு என் வாக்கு. குரல் உடையாது என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியவில்லை.

உன் கூடப் பிறந்தவள்,
ரெஜினா அக்கா